ஆர்ச்டாப் கிட்டார்ல பிக்கப்பும் பிக்கார்டும் மாட்டுறது எப்படி (டாப்ல ஓட்டை போடாம)

ஆர்ச்டாப்ல (டாப், அதாவது முன்பலகை, வளைவா இருக்க கிட்டார்) பிக்கப் (கம்பி அதிர்றத கரண்ட் சிக்னலா மாத்துற காந்தம்) போடணும்னா டாப்ப வெட்டித்தான் ஆகணும்னு யாராச்சும் சொன்னா கிட்டார அவங்க கைல குடுத்துடாதீங்க. ஸ்ப்ரூஸ் மரத்த வளைவா செதுக்கி, அந்த வளைவு அதிர்றதுலதான் அந்த சவுண்டே வருது, அதுல ரெண்டு இன்ச்சுக்கு சதுரமா வெட்டி ஒரு காந்தத்த தொங்க விட்டா அக்கூஸ்டிக் சத்தம் பாதி காலி, வித்தா விலையும் போகாது.

இது புது பிரச்னை இல்ல. 1936-ல கிப்சன் கம்பெனி ஈஎஸ்-150-னு பிக்கப்போடயே ஒரு கிட்டார் விட்டாங்க. ஆனா ஏற்கனவே நல்ல அக்கூஸ்டிக் ஆர்ச்டாப் வெச்சிருந்தவங்க அத வெட்ட மனசில்லாம டீஆர்மண்ட் கம்பெனி பிக்கப் வாங்கி, ஒரு உலோகத் தண்டுல மாட்டி கிட்டார் கம்பிகளுக்கு அடியில நிறுத்தி வாசிச்சாங்க. 1948-ல கிப்சன்லயே, அங்க வேலை பாத்த டெட் மெக்கார்ட்டி பேர்ல ஒண்ணு வந்துச்சு, பிக்கப், வால்யூம் நாப், ஜாக் எல்லாமே பிக்கார்டுலயே (கம்பிகளுக்குப் பக்கத்துல, டாப்புக்கு மேல நிக்கிற தகடு) இருக்கும், பழைய பிக்கார்ட கழட்டிட்டு இத மாட்டினா எலக்ட்ரிக், திருப்பி மாத்தினா அக்கூஸ்டிக். நாம பண்ணப்போறதும் அதே ஐடியாதான், எல்லாம் பிக்கார்டுல தொங்கும், டாப்ப தொடவே மாட்டோம்.

வாங்குறதுக்கு முன்னாடி அளந்துடுங்க

நெறைய பேர் பிக்கப்ப ஆர்டர் பண்ணிட்டு அப்புறம்தான் ஸ்கேல எடுக்குறாங்க. மொதல்ல கடைசி ஃப்ரெட்ட அழுத்திப் பிடிச்சுக்கிட்டு, ஃபிங்கர்போர்டு முடியுற எடத்துல கம்பியோட அடிப்பக்கத்துக்கும் டாப்புக்கும் நடுவுல எத்தன மில்லிமீட்டர் கேப்னு பாருங்க, தடிச்ச ஈ, மெல்லிசு ஈ ரெண்டு கம்பிக்கும் தனித்தனியா. பிக்கப் 10 மிமீ கனம்னு வெச்சுக்குவோம், கம்பிக்கும் பிக்கப்புக்கும் நடுவுல 3 மிமீ வேணும், பிக்கப்புக்கு கீழ டாப் மேல இடிக்காம 2 மிமீயாவது வேணும், ஆக 15 மிமீ. அதுக்குக் கம்மியா இருந்தா இன்னும் மெல்லிசு பிக்கப்பா தேடணும். ஃப்ளோட்டிங் பிக்கப், இல்லனா ஜானி ஸ்மித் டைப்னு கேட்டா கெடைக்கும், அதுலயே ரெண்டு வகை: கழுத்து ஓரத்துல ஸ்க்ரூ பண்றது, பிக்கார்டுல பண்றது. நமக்கு ரெண்டாவது. அப்படியே அதே எடத்துல தடிச்ச ஈ-ல இருந்து மெல்லிசு ஈ வரைக்கும் எவ்ளோ அகலம்னும் குறிச்சுக்கோங்க, பிக்கப்போட போல் பீஸ் (ஒவ்வொரு கம்பிக்கும் அடியில வர்ற சின்ன உலோக முனை) அகலம் அதோட ஒத்துப்போகணும்.

மத்த சாமான்: 3 மிமீ பிளாஸ்டிக் ஷீட், பிக்கார்டு பிராக்கெட் (பிக்கார்ட கிட்டார் சைடுல இருந்து தாங்குற கால்), வால்யூம் நாப்புக்கு அடியில வர்ற பொட்டென்ஷியோமீட்டர், அதாவது 16 மிமீ மினி பாட் ஒண்ணு (ரெண்டு காயில் இருக்க ஹம்பக்கர் பிக்கப்புக்கு 500கே, சிங்கிள் காயிலுக்கு 250கே), மோனோ ஜாக், ஷீல்டு வயர், சால்டரிங் அயர்ன். சென்னைல இருக்கவங்களுக்கு பாட், வயர், ஈயம் எல்லாம் ரிச்சி ஸ்ட்ரீட்ல ஒரு ரவுண்டு அடிச்சா முடிஞ்சுடும். டோன் கண்ட்ரோல் வேணாம்னுதான் நான் சொல்லுவேன், ஆம்ப்ல ஏற்கனவே இருக்கு, எடம் இல்லாத பிக்கார்டுல அதையும் ஏன் திணிக்கணும்.

பிக்கார்ட வெட்டுறது

கம்பி எல்லாத்தையும் ஒரேயடியா கழட்டிடாதீங்க. ஆர்ச்டாப்ல பிரிட்ஜ் (டாப் மேல கம்பிகளத் தாங்குற துண்டு) ஒட்டினது கெடையாது, கம்பியோட இழுப்புலதான் நிக்குது, கழட்டினா கையோட வந்துடும். பிரிட்ஜ் காலுக்கு ரெண்டு பக்கமும் மாஸ்கிங் டேப் ஒட்டி எடத்த குறிச்சுட்டு அப்புறம் வேலய ஆரம்பிங்க. டாப் மேல ஒரு பழைய டீ-ஷர்ட் விரிச்சுக்கோங்க, ஸ்க்ரூட்ரைவர் எப்போ வழுக்கும்னு சொல்ல முடியாது.

பிளாஸ்டிக்க வெட்டுறதுக்கு முன்னாடி அட்டைல ஒண்ணு வெட்டுங்க. காலண்டர் அட்டை போதும். கழுத்தோட ஓரம், மெல்லிசு ஈ கம்பிக்குப் பக்கத்துல ஓடுற நேர் கோடு, பிரிட்ஜுக்கு கொஞ்சம் முன்னாடி முடியுற மூலை, இந்த மூணும் கரெக்டா இருந்தா போதும், வெளிப்பக்க வளைவு உங்க இஷ்டம். பிரிட்ஜ்ல படவே கூடாது, 2 மிமீயாவது தள்ளி இருக்கணும். பிக்கப் வர்ற எடத்துல அதோட சைஸுக்கு ஒரு வெட்டு விடுங்க. அட்டைய டேப் போட்டு ஒட்டிட்டு அஞ்சு நிமிஷம் வாசிச்சுப் பாருங்க, சுண்டு விரல் எங்க போய் ஒக்காருதுன்னு அப்பத்தான் தெரியும். நாப் அந்த எடத்துல வரக்கூடாது.

பிளாஸ்டிக்ல ஏபிஎஸ் இல்ல பிவிசி எடுங்க. அக்ரிலிக் பளபளன்னு இருக்கும் ஆனா ட்ரில் போடும்போது டப்புன்னு விரிசல் விடும். பழைய கிட்டார்ல வர்ற செல்லுலாய்டு அழகுதான், ஆனா சீக்கிரம் தீப்பிடிக்கும், வருஷம் ஆக ஆக மக்கி அதுல இருந்து வர்ற வாயு பக்கத்துல இருக்க ஃப்ரெட், டெயில்பீஸ் (கம்பியோட வால்நுனிய மாட்டுற உலோகம்) எல்லாத்தையும் அரிச்சுடும். மொத தடவ பண்றவங்களுக்கு அது வேணாம்.

கோட்டுக்கு ஒரு மிமீ வெளியில ஃப்ரெட் சால (மெல்லிசு பிளேடு ரம்பம்) வெட்டி, மீதிய அரம் போட்டு கோடு வரைக்கும் கொண்டு வாங்க. ஓரத்த சாய்வா ராவினா மூணு லேயர் ஷீட்டுல உள்ள இருக்க வெள்ளக் கோடு தெரியும், பாக்க ரொம்ப நல்லா இருக்கும். அப்புறம் 220, 400, 600-னு வரிசையா உப்புத்தாள், கடைசில மெட்டல் பாலிஷ். ஓட்டை போடும்போது அடியில ஒரு மரத்துண்டு வெச்சு மெதுவா ஓட்டுங்க. மேல ஒட்டிருக்க பிளாஸ்டிக் பேப்பர கடைசி வரைக்கும் உரிக்காதீங்க.

வயரிங்

இத கிட்டார்ல மாட்டுறதுக்கு முன்னாடியே மேஜை மேல வெச்சு முடிச்சுடணும். பிக்கப், பாட், ஜாக் மூணையும் பிக்கார்டுல டைட் பண்ணிட்டு திருப்பிப் போடுங்க. பாட்டோட முதுகு உங்களப் பாத்து இருக்கணும், மூணு காலும் கீழ்ப்பக்கம். இடது கால்ல பிக்கப்போட சிக்னல் வயர், நடு கால்ல இருந்து ஜாக்கோட டிப்புக்கு (சிக்னல் போற கால்), வலது கால வளைச்சு பாட்டோட முதுகுலயே சால்டர் பண்ணிடுங்க. பிக்கப்போட எர்த், ஜாக்கோட எர்த் ரெண்டும் அதே முதுகுக்கு வரும். பிக்கப்ல நாலஞ்சு கலர்ல வயர் இருந்தா, எதோட எது சேரணும்னு அது கூட வந்த பேப்பர பாத்து பண்ணுங்க, கம்பெனிக்கு கம்பெனி கலர் மாறும்.

எல்லாரும் மாட்டிக்கிற எடம் அந்த பாட் முதுகுதான். ஈயம் உருண்டு உருண்டு ஓடும், ஒட்டாது. மொதல்ல அந்த எடத்த உப்புத்தாள் போட்டு தேய்ச்சு பளிச்சுன்னு ஆக்குங்க, 40 வாட் அயர்ன வெச்சு ரெண்டு மூணு செகண்டு சூடு பண்ணிட்டு ஈயத்த அயர்ன் மேல இல்லாம பாட் மேல வைங்க, தண்ணி மாதிரி பரவணும். மொட்டு மாதிரி நின்னா அது ஒட்டல, ஆட்டினா வந்துடும். சின்ன 25 வாட் அயர்ன்ல ரொம்ப நேரம் பிடிச்சுக்கிட்டே இருந்தா பாட் உள்ள வெந்துடும்.

முடிஞ்சதும் ஆம்ப்ல கனெக்ட் பண்ணி, சவுண்ட கம்மியா வெச்சு, ஸ்க்ரூட்ரைவரால போல் பீஸ மெல்ல தட்டுங்க. டொக் டொக்னு கேட்டா வேலை முடிஞ்சது. நாப் உல்டாவா வேலை செஞ்சா ஓரத்துக் கால் ரெண்டையும் மாத்திப் போடுங்க.

மாட்டுறது

ரெண்டு எடத்துலதான் பிடிமானம். கழுத்துப் பக்கம் ஃபிங்கர்போர்டு நீட்டிக்கிட்டு இருக்க ஓரத்துல ஒரு சின்ன ஸ்க்ரூ, இன்னொண்ணு கிட்டாரோட சைடுல பிராக்கெட் கால். முன்னாடியே பிக்கார்டு இருந்த கிட்டார்னா பழைய ஓட்டையே இருக்கும், அதயே யூஸ் பண்ணுங்க. இல்லனா ஸ்க்ரூவ விட மெல்லிசா 1.5 மிமீ ட்ரில் போட்டு, ஸ்க்ரூல கொஞ்சம் சோப்பு தடவி கையாலயே திருகுங்க, இல்லனா மரம் பொளந்துடும். பிராக்கெட்ல இருக்க நட்ட திருகி பிக்கார்ட கம்பிக்கு இணையா கொண்டு வாங்க.

கடைசி ஃப்ரெட்ட அழுத்திப் பிடிச்சா தடிச்ச கம்பிப் பக்கம் 3 மிமீ, மெல்லிசு பக்கம் 2 மிமீ இடைவெளி, இங்க இருந்து ஆரம்பிச்சு காதால கேட்டு ஏத்தி எறக்குங்க. கர்ர்னு ஏதாச்சும் ஒதறினா பிக்கார்டுக்கும் பிராக்கெட்டுக்கும் நடுவுல ஒரு துண்டு ஃபெல்ட் துணி வைங்க, பிக்கார்டுக்கு அடியில போற வயரையும் டேப் போட்டு ஒட்டுங்க. பாதி நேரம் அந்த வயர்தான் டாப்புல பட்டு சத்தம் போட்டுக்கிட்டு இருக்கும்.

ஜாக்குல இருக்க உலோகத்த தொட்டா ஹம் கம்மியாகுது ஆனா கம்பிய தொட்டா ஆகலன்னா, கம்பிக்கு எர்த் இல்லன்னு அர்த்தம். பாட் முதுகுல இருந்து ஒரு மெல்லிசு வயர் எடுத்து டெயில்பீஸ் உலோகத்துல படுற மாதிரி சொருகிடுங்க.

கம்பி விஷயம் ஒண்ணு. பிரான்ஸ் கம்பி போட்டிருந்தா காந்த பிக்கப்புக்கு அந்த பிரான்ஸ் சுத்து தெரியாது, உள்ள இருக்க ஸ்டீல் மட்டும்தான் தெரியும், அதனால தடிச்ச கம்பி நாலும் மொணங்கும், மெல்லிசு ரெண்டும், முக்கியமா பி கம்பி, கத்தும். நிக்கல் செட்டுக்கு மாறுங்க, இல்ல பிரான்ஸேதான் வேணும்னா பி-யோட போல் பீஸ் ஸ்க்ரூவ உள்ள எறக்கி தடிச்ச கம்பிகளோடத மேல ஏத்துங்க.

வால்யூம ஏத்தினதும் ஊ-ன்னு ஃபீட்பேக் வந்தா பயப்பட வேணாம், உள்ள காலியா இருக்க கிட்டார், அப்படித்தான் பண்ணும். ஆம்ப்புக்கு நேரா நிக்காம பக்கவாட்டுல தள்ளி நில்லுங்க, பேஸ கொறைங்க, அப்பவும் கத்தினா எஃப் ஹோல் (டாப்ல எஃப் எழுத்து மாதிரி இருக்க ஓட்டை) ரெண்டுலயும் ஸ்பாஞ்ச அதே ஷேப்புல வெட்டி சொருகிட்டு வாசிங்க.