அவுட்போர்டில் நீர்க்கசிவைக் கண்டுபிடிப்பதும், பிடித்துக்கொண்ட போல்ட்டைக் கழற்றுவதும்

படகின் பின்புறம் மாட்டும் அவுட்போர்டு எஞ்சினுக்கு அடியில் தண்ணீர் நின்றால், கசிவும் அங்கேதான் என்று முடிவுகட்டாதீர்கள். மேலே கசியும் தண்ணீர் வயரையோ ஹோஸையோ பிடித்துக்கொண்டு ஓடி, வேறெங்கோ சொட்டும். கடலில் ஓடிய எஞ்சினாக இருந்தால் கழுவுவதற்கு முன்பே டார்ச் அடித்துப் பாருங்கள். வெள்ளையாக ஒரு உப்புக்கோடு இறங்கியிருக்கும்; அதன் மேல்நுனிதான் கசியும் இடம்.

கோடு தெரியாவிட்டால் எஞ்சினைக் கழுவி, நன்றாகக் காயவிட்டு, இணைப்புகளின் மேல் முகப்பவுடரை மெல்லியதாகத் தூவுங்கள். கீழ்ப்பாகத்தைத் தண்ணீர்த் தொட்டியில் இறக்கி, கியர் போடாமல் பத்து நிமிடம் ஓட்டுங்கள். சூடேறி தெர்மோஸ்டாட் (சூடானதும் குளிர்விக்கும் தண்ணீருக்கு வழிவிடும் வால்வு) திறந்த பிறகுதான் சில கசிவுகள் தலைகாட்டும். ஈரம் பட்ட பவுடர் கறுத்துக் காட்டிக்கொடுக்கும். ஃப்ளைவீல் (எஞ்சினின் கனமான சுழல்சக்கரம்) சுற்றும்போது கை, துணி, முடி எதுவும் கிட்டே போகக்கூடாது.

முதலில் பார்க்க வேண்டியவை ஹோஸ் கிளிப்புகள், தெர்மோஸ்டாட் மூடி, எக்ஸாஸ்ட் மூடி, சிலிண்டர் ஹெட் இணைப்பு. வெளியே ஒன்றுமே தெரியாவிட்டால் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றுங்கள். ஒன்று மட்டும் கழுவிவிட்டதுபோல் பளிச்சென்றிருந்தால் அந்த சிலிண்டருக்குள் தண்ணீர் போகிறது; அதற்குமேல் ஓட்டாதீர்கள். கியர் ஆயில் பால்போல் வெளுத்திருந்தால் பெரும்பாலும் புரொப்பெல்லர் ஷாஃப்ட் சீல் போயிருக்கும். தூண்டில் நரம்பு சுற்றி அறுத்திருக்கிறதா என்று பாருங்கள்.

இனி போல்ட். ஸ்டெயின்லெஸ் போல்ட்டும் அலுமினிய உடலும் உப்புநீரில் சேர்ந்தால் அரிக்கப்படுவது அலுமினியம்தான். அந்த அரிப்பில் உண்டாகும் வெள்ளைப் பொடி மரைக்குள் இடமில்லாமல் அடைத்து போல்ட்டை இறுக்கிப் பிடித்துக்கொள்கிறது. பலம் போட்டால் 6 மி.மீ. போல்ட் தலை கையோடு வந்துவிடும்.

தலையைச் சுற்றி பிரஷால் சுத்தம் செய்து, துரு தளர்த்தும் எண்ணெய் விட்டு ஓர் இரவு ஊறவிடுங்கள். மறுநாள் எண்ணெயைத் துடைத்து, பேட்டரியைக் கழற்றி, பெட்ரோல் டேங்கையும் ஹோஸையும் தூரமாக வைத்த பிறகே ஹீட் கன்னை எடுங்கள். போல்ட்டை அல்ல, சுற்றியுள்ள அலுமினியத்தைச் சூடாக்குங்கள். அது ஸ்டெயின்லெஸைவிட அதிகம் விரியும். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் சீறி ஆவியாகும் அளவு சூடு போதும். கேஸ் டார்ச் ஆபத்து: அலுமினியம் சிவக்காமலே உருகிவிடும்.

தலைமேல் சுத்தியலால் நாலைந்து தட்டு. ஆறு முனை சாக்கெட்டைப் போட்டு, முதலில் மயிரிழை இறுக்கி, பிறகு தளர்த்துங்கள். அசைந்ததும் அவசரப்படாதீர்கள். கால் சுற்று வெளியே, அரைக்கால் சுற்று உள்ளே, நடுவில் எண்ணெய். கையில் ரப்பர்போல் முறுக்கிக்கொண்டு வந்தால் போல்ட் ஒடியப்போகிறது. உடனே நிறுத்தி மறுபடி சூடுகாட்டுங்கள்.

ஒடிந்துவிட்டால், வெளியே நீட்டியிருக்கும் முனையில் ஒரு நட்டை வைத்து வெல்டு பண்ணுவதுதான் சிறந்த வழி. அந்தச் சூடே பாதி வேலையை முடித்துவிடும். முனை நீட்டவில்லையென்றால் சரியான நடுவில் பஞ்ச் அடித்து, போல்ட் கழலும் திசையிலேயே சுற்றும் இடதுசுற்று டிரில் பிட்டால் துளையிடுங்கள். துளைக்குள் விட்டு ஒடிந்த போல்ட்டைத் திருகி எடுக்கும் மெல்லிய எக்ஸ்ட்ராக்டரை நம்பவேண்டாம். அது உள்ளே ஒடிந்தால் அதைத் துளைக்க சாதாரண பிட்டால் முடியாது.

மாட்டும்போது மரை வெட்டும் கருவியை (tap) விட்டு மரையைச் சுத்தம் செய்து, புது கேஸ்கெட் வைத்து, போல்ட்டில் மரைன் கிரீஸ் தடவி, மேனுவலில் சொன்ன டார்க்குக்கு (இறுக்கும் முறுக்குவிசை அளவுக்கு) குறுக்கும் நெடுக்குமாக இறுக்குங்கள். பிறகு பவுடர் தூவி, அதே பத்து நிமிடம் இன்னொரு முறை ஓட்டிப் பாருங்கள்.