பாலம் புதுசு, தண்ணீர் எங்கே? யாழ்ப்பாணத்தில் பாலம் மாற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுக்க ஓடும் ஆறு ஒன்றுகூட இல்லை. ஆறு என்று பேர் சொல்லக்கூடிய வழுக்கையாறும் மாரியில்தான் ஆறு. தெல்லிப்பழைப் பக்கமிருந்து குளங்களையும் வயல்களையும் தொட்டுக்கொண்டு வந்து அராலியில் கடல்நீரேரியில் விழும். மற்ற மாதங்களில் அது மாடு மேயும் நிலம். பழைய மதகை உடைத்துப் புதுப் பாலம் போட வருகிறவர் பங்குனி வெயிலில் வந்து பார்த்தால் கண்ணில் படுவது வெடித்த களிமண்ணும் நாலைந்து ஆடுகளும்தான். "இதில பாதுகாக்க என்ன கிடக்கு?" என்று அவர் கேட்டால் கோபிக்க முடியாது. ஆனால் இங்கே நடக்கும் பிழைகளில் பெரும்பாலானவை அந்தக் கேள்வியில்தான் தொடங்குகின்றன.

எங்கள் பாலங்களுக்குக் கீழே உள்ள நீர் ஒரே மாதிரியானதல்ல. வயலுக்கும் குளத்துக்கும் நடுவே ஓடும் வாய்க்கால் ஒன்று. மாரியில் நீர் நின்று கோடையில் புல் முளைக்கும் தரவை இன்னொன்று. பண்ணை, பொன்னாலை, நாவற்குழி, சங்குப்பிட்டி போன்ற இடங்களில் இருப்பது பரவைக்கடல், அதாவது ஆழமில்லாத கடல்நீரேரி. மூன்றுக்கும் ஒரே படத்தை, ஒரே நிபந்தனைக் கடிதத்தை வைத்து வேலை தொடங்கினால் ஏதாவது ஒன்று கெட்டே தீரும்.

காய்ந்த வாய்க்காலைக் களஞ்சியமாக்குவது

கிரவல் கும்பி, மணல் கும்பி, கம்பிக்கட்டு, டீசல் பரல் எல்லாம் வாய்க்காலுக்குள்ளேயே இறங்கும். இடம் தாராளம், வாடகையும் இல்லை. மண் அள்ளும் பெக்கோ இயந்திரம் அதற்குள்ளேயே ஏறி இறங்கித் தரையை இறுக்கிவிடும். ஐப்பசியில் முதல் பெருமழை வரும்போது கும்பியில் மிஞ்சியதெல்லாம் கீழே உள்ள குளத்துக்குப் போகும். குளத்தின் ஆழம் குறையும். அதைத் தூர்வார இன்னொரு திட்டம், இன்னொரு ஒப்பந்தம்.

அதைவிடக் கவலைப்பட வேண்டியது கண்ணுக்குத் தெரியாமல் நடப்பது. குடாநாட்டின் அடியில் இருப்பது சுண்ணாம்புக்கல். வெடிப்பும் பொந்தும் நிறைந்த கல். மேலே மண் பல இடங்களில் மெல்லிய படைதான். மாரியில் ஓடும் நீர் இந்த வாய்க்கால்கள், குளங்கள் வழியாகத்தான் நிலத்துக்குள் இறங்கிக் கிணறுகளுக்குப் போகிறது. உப்புநீருக்கு மேலே மிதக்கும் அந்த நன்னீர்ப் படைதான் எங்கள் குடிநீர். அதே வழியில் சிந்திய டீசலும் இறங்கும். சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்த விவகாரம் வழக்குவரை போனதைப் பார்த்த ஊர் இது. ஆகவே எரிபொருள் நிரப்புவது, எண்ணெய் மாற்றுவது எல்லாம் வாய்க்காலிலிருந்து தள்ளி, மேட்டில், கீழே தட்டோ தார்ப்பாயோ விரித்துத்தான் நடக்க வேண்டும். தண்ணீர் ஓடாத காலத்தில் இந்தக் கவனம் இன்னும் கூடுதலாகத் தேவை. சிந்தியதை அடித்துக்கொண்டுபோக நீர் இல்லை, அது நேரே கீழே இறங்கும்.

நாட்காட்டியைப் பார்க்காமல் தொடங்குவது

இதை ஒப்பந்தகாரரின் தவறு என்று சொல்வது அநியாயம். அரசின் நிதியாண்டு ஜனவரியில் தொடங்கி டிசெம்பர் 31இல் முடிகிறது. காசு ஒதுக்கி, கேள்விப்பத்திரம் கோரி, கையெழுத்தாகி வர ஓகஸ்ட், செப்ரெம்பர் ஆகிவிடும். ஆண்டு முடியுமுன் செலவழித்துக் கணக்குக் காட்ட வேண்டும். எங்களுக்கோ ஒக்டோபரில் தொடங்கி டிசெம்பர் வரைக்கும்தான் மழை. வாய்க்கால் வறண்டு கிடந்த ஆறேழு மாதம் கடதாசியில் கழிந்து, தண்ணீர் வரும் நேரத்தில் அத்திவாரம் வெட்டத் தொடங்குகிறோம். 2008இல் நிஷா, 2020இல் புரெவி என்று நவம்பர், டிசெம்பரில் வந்த வெள்ளங்கள் எவருக்கும் மறந்திருக்காது. பாதி வெட்டிய கரையில் அப்படியொரு மழை விழுந்தால் சேற்றுத்தடுப்பு எதுவும் நிற்காது.

பரவைக்கடல் பக்கம் இன்னொரு காரணமும் உண்டு. வலசைப் பறவைகள் வந்து தங்குவதும் இந்த மாதங்களில்தான். மண்டைதீவு, சரசாலைப் பக்கம் பூநாரையும் கூழைக்கடாவும் மேயும் நேரத்தில் முளை அடிக்கும் இயந்திரத்தை ஓடவிடுவது நல்ல யோசனையல்ல.

செய்யக்கூடியது: வடிவமைப்பும் கேள்விப்பத்திரமும் முதல் ஆண்டில், மண்ணைத் தொடும் வேலை அடுத்த ஆண்டு மாசிக்கும் ஆவணிக்கும் இடையில் என்று இரண்டாகப் பிரிப்பது. அது முடியாவிட்டால், குறைந்தது நீருக்குள் செய்யும் வேலையை மாரிக்கு முன் முடித்துவிட்டு, மேற்தட்டு வேலையை மழைக்காலத்துக்கு விடுவது.

மாற்றுப்பாதை என்னும் தற்காலிக அணை

பாலத்தை உடைத்தால் போக்குவரத்துக்குப் பக்கத்தில் ஒரு பாதை வேண்டும். இரண்டு ஹியூம் குழாயை, அதாவது பெரிய கொங்கிரீட் குழாயை, வாய்க்காலுக்குள் போட்டு அதன்மேல் கிரவலைக் கொட்டிவிடுவார்கள். பாலத்தைவிட இந்தத் தற்காலிகப் பாதைதான் அதிகச் சேதம் செய்கிறது என்பது என் கருத்து.

அப்படி ஒரு குழாயின் கீழ்ப்புற வாயைக் குனிந்து பாருங்கள். குழாயின் அடி வாய்க்கால் தரையைவிட ஒரு சாண் உயரத்தில் இருக்கும். முதல் வெள்ளத்தில் விழும் நீர் கீழே குழி தோண்டும். குழி ஆழமாக ஆழமாகக் குழாய் வாய் இன்னும் உயரத்தில் தொங்கும். புதுநீர் வந்ததும் வயலுக்கும் குளத்துக்கும் ஏறிப்போக வரும் விராலும் கெளுத்தியும் அந்தக் குழியில் வந்து கூடி நிற்கும். மேலே போக வழியில்லை. அடுத்த நாள் பெடியள் சாரத்தைக் கட்டிக்கொண்டு இறங்கி அள்ளுவார்கள், ஊருக்குள் "இந்த முறை நல்ல மீன்" என்று கதை போகும். அடுத்த வருசம் குளத்தில் மீன் ஏன் குறைந்தது என்று எவரும் இந்தக் குழாயைத் தொடர்புபடுத்த மாட்டார்கள்.

குழாயின் ஐந்தில் ஒரு பங்காவது தரைக்குக் கீழே புதைந்து, உள்ளே வாய்க்கால் மண்ணே படிந்திருக்க வேண்டும். சாய்வு இயற்கைச் சாய்வோடு ஒத்துப்போக வேண்டும். இரண்டு குழாய் போதுமா, நாலு வேண்டுமா என்பதைக் கோடையில் நின்றுகொண்டு தீர்மானிக்கக்கூடாது. பழைய மதகின் சுவரில் வெள்ளம் நின்ற கறை இருக்கும், அதைப் பார்த்துச் சொல்லுங்கள். பக்கத்து வயற்காரரைக் கேட்டால் இன்னும் சரியாகச் சொல்வார்.

கிரவல் கொட்டுமுன் அடியில் ஜியோடெக்ஸ்டைல் துணி விரித்தால் பிறகு அகற்றும்போது எங்கே நம்முடைய மண் முடிகிறது, எங்கே வாய்க்கால் தரை தொடங்குகிறது என்று தெரியும். துணி விரிக்காத இடத்தில் பெக்கோக்காரர் கண்மட்டத்துக்கு அள்ளுவார். அரையடி மிஞ்சும். அந்த அரையடி போதும், மேற்பக்கத்து வயலில் நீர் தேங்கிக் காலபோக நெல் அழுக.

சிமெந்துத் தண்ணீர்

சேற்றைக் கண்டு பயப்படுகிறவர்கள்கூடச் சிமெந்துத் தண்ணீரைக் கண்டுகொள்வதில்லை. அது மெல்லிய சாம்பல் நிறத்தில், பார்க்கத் தீங்கில்லாததுபோல ஓடும். பச்சைக் கொங்கிரீட்டைக் கழுவிய நீரின் காரத்தன்மை pH அளவில் 12க்கும் மேலே போகும். மீன்களுக்கு 9ஐத் தாண்டினாலே தொல்லை தொடங்கிவிடும். இந்த அளவுகோலில் ஒரு எண் கூடுவது பத்து மடங்கு. செவுளை அரித்துவிடும். சின்ன வாய்க்கால் குட்டையில் ஒரு மிக்சர் கழுவிய நீரே போதும், உள்ளதெல்லாம் வயிறு தெரிய மிதக்க.

மாலை வேலை முடிந்ததும் மிக்சரையும் சவலையும் தள்ளுவண்டியையும் எங்கே கழுவுவது என்பதை முதல் நாளே குறித்துவிட வேண்டும். வாய்க்காலிலிருந்து தள்ளி ஒரு குழி வெட்டி, தடித்த பொலித்தீன் விரித்து, நீர் காய்ந்தபிறகு இறுகிய கட்டியை அள்ளிக்கொண்டு போவது. செலவென்று பார்த்தால் ஒன்றுமில்லை. ரெடிமிக்ஸ் லொறிக்காரருக்கும் சொல்லிவைக்க வேண்டும். அவர் வருவது ஒரு மணித்தியாலம், கொங்கிரீட் வழிந்து விழும் தன் தவாளிப்பைக் கழுவுவது பாலத்தின் ஓரத்தில்.

உப்பு நீரை எந்தப் பக்கம் இறைப்பது?

வெளிநாட்டுக் கையேடுகளில் இதைக் காண்பது அரிது, இங்கேயோ மிக முக்கியம். அத்திவாரக் குழியைச் சுற்றித் தகடு இறக்கியோ மண்மூட்டை அடுக்கியோ உள்ளே நீரை இறைக்கிறார்கள். கலங்கல் நீரை நேரே விடாமல் ஒரு படிவுக்குட்டையில் தங்கவைத்து விட வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரிந்த விதி. குழாய் முனையைத் தரையில் நேரே விட்டால் அதுவே கிடங்கு தோண்டும், கீழே கல்லோ பலகையோ வைக்க வேண்டும். அதுவரை சரி.

அராலி, தொண்டைமானாறு, அரியாலை போன்ற இடங்களில் பாலத்தின் ஒரு பக்கம் நன்னீர், மறுபக்கம் உவர்நீர். தொண்டைமானாற்றிலும் அரியாலையிலும் 1950களில் தடுப்பணை கட்டியதே உப்பை வெளியே நிறுத்தி மழைநீரை உள்ளே பிடிக்கத்தான். இப்படியான இடத்துக்கு அருகே குழி வெட்டினால் ஊறுவது உப்புத்தண்ணீராக இருக்கலாம். படிவுக்குட்டைக்கு இடம் வசதியான பக்கம் வயல் பக்கமாக இருக்கும். அங்கே இறைத்தால் சேறு வடிந்துவிடும், உப்பு வடியாது. இரண்டு மூன்று போகத்துக்கு அந்த வரம்பில் நெல் சரியாக வராது. இறைக்குமுன் நீரின் உப்பைக் காட்டும் கடத்துதிறன் மானி ஒன்றை நனைத்துப் பார்த்தால் விடை கிடைத்துவிடும்.

இதே கணக்கில் இன்னொரு பிழை, "நீர் நல்லா வடியட்டும்" என்று புதுப் பாலத்தின் அடித்தளத்தைப் பழையதைவிடத் தாழ்த்திவிடுவது. பழைய மதகின் கற்படி உயரம் சும்மா வைத்ததல்ல. வற்றுப்பெருக்கில் உவர்நீர் மேலே ஏறாமல் மறித்தது அதுதான். அதை மட்டம் எடுத்துக் குறிக்காமல் உடைத்துவிட்டால், பிறகு எந்த உயரத்துக்குத் திரும்பக் கட்டுவதென்று யாருக்கும் தெரியாது.

பரவைக்கடலில் கண்ணைக் குறைப்பது

தீவகத்துக்குப் போகும் வீதிகள் கடலுக்கு நடுவே மண் நிரப்பிப் போட்டவை. நீர் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போவது இடையிடையே விட்ட பாலங்களின் கண்கள், அதாவது தூண்களுக்கு இடையிலான திறப்புகள், வழியாகத்தான். இலங்கையில் வற்றுப்பெருக்கு ஒரு மீற்றருக்கும் குறைவு. பெரிய அலையேற்றம் தள்ளிக்கொண்டு வராத கடலில் ஒவ்வொரு கண்ணும் வீட்டு யன்னல் மாதிரி, ஒன்றை அடைத்தால் உள்ளே புழுங்கும். சோளகத்திலும் வாடையிலும் காற்றுத் தள்ளும் நீர்தான் பரிமாற்றத்தில் பெரும்பங்கு. பழைய பாலத்தில் ஐந்து கண் இருந்த இடத்தில் "வெள்ளம் போக மூன்று பெட்டி மதகு போதும்" என்று கணக்குப் போடுவது வாய்க்காலுக்கு எழுதிய சூத்திரத்தைக் கடலுக்குப் போடுவது.

இறால் கடலில் முட்டையிடும். குஞ்சு களப்புக்குள் வந்து சாதாளை என்னும் கடற்புல்லுக்கும் கண்ணா என்னும் கண்டல் மரத்துக்கும் நடுவே வளர்ந்து, திரும்பக் கடலுக்குப் போகும். அந்தப் போக்குவரத்தை மனதில் வைத்துத்தான் இங்கே சிறகுவலைப் பாடுகள், அதாவது வலை கட்டும் இடங்கள், வகுக்கப்பட்டிருக்கின்றன. ஆகவே எந்தக் கண்ணில் நீர் எந்த மாதம் எந்தத் திசையில் இழுக்கிறது என்று கடற்றொழிலாளர் சங்கத்தில் கேட்டால் பத்து நிமிடத்தில் சொல்லிவிடுவார்கள். கேட்பதில்லை. இடித்த பழைய தூணின் கொங்கிரீட் துண்டுகளை நீருக்குள்ளேயே விட்டுவிட்டால் வலை கிழிவதும் அவர்களுக்குத்தான். தூணைத் தரைமட்டத்துக்குக் கீழே வெட்டி, துண்டு முழுவதையும் தூக்கி எடுக்க வேண்டும்.

கண்ணாவை வெட்டிவிட்டு "பத்து மடங்கு நடுவோம்" என்று எழுதிக் கொடுப்பதை நான் நம்புவதில்லை. இலங்கையில் கண்டல் நடும் திட்டங்கள் நடந்த 23 இடங்களைப் பின்னர் ஆராய்ந்தபோது 9 இடங்களில் ஒரு கன்றுகூட மிஞ்சியிருக்கவில்லை. பிழையான மட்டத்தில், பிழையான இனத்தை நட்டதே முக்கிய காரணம். வெட்டாமல் விட இடம் தேடுவதே மலிவு.

நிபந்தனை கோப்பில், வேலை வேறிடத்தில்

1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டமும் அதன் 1988 திருத்தமும் பெரிய திட்டங்களுக்குத்தான் முழு மதிப்பீடு கேட்கின்றன. சின்னப் பாலம் பெரும்பாலும் அதற்குள் வராது. அதனால் அனுமதியே தேவையில்லை என்று முடிவெடுப்பது தவறு. 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரம் பேணல் சட்டப்படி உயர்நீர் மட்டத்திலிருந்து தரைப்பக்கம் 300 மீற்றர் கரையோர வலயம். கடலோடு தொடுத்த ஆறு, களப்பு என்றால் வாய்முகத்திலிருந்து உள்ளே 2 கிலோமீற்றர்வரை போகும். குடாநாட்டில் எத்தனை பாலங்கள் இதற்கு வெளியே நிற்கும் என்று வரைபடத்தை வைத்துப் பாருங்கள். வயலை நிரப்பிப் பாதை போட வேண்டுமானால் கமநல அபிவிருத்தித் திணைக்களத்தையும் கேட்க வேண்டும்.

அனுமதிக் கடிதம் வந்தபிறகும் ஒரு ஓட்டை இருக்கிறது. "சேறு பரவாமல் தடுக்க வேண்டும்" என்று கடிதம் சொல்லும். ஒப்பந்தத்தின் பி.ஓ.கியூவில், அதாவது வேலை அளவும் விலையும் எழுதும் பட்டியலில், சேற்றுவேலிக்கு ஒரு வரி இருக்காது. காசில்லாத வேலையை எவர் செய்வார்? கடைசியில் உரச்சாக்கைக் கிழித்து நாலு தடியில் கட்டி வாய்க்காலுக்குக் குறுக்கே நிறுத்துவார்கள். சேற்றுவேலி ஓடும் நீருக்குக் குறுக்கே நிற்கும் பொருளல்ல. வெட்டிய கரையின் அடியில், கீழ் விளிம்பு மண்ணுக்குள் புதைந்து, சரிவில் வழியும் நீரைப் பிடிக்க வேண்டியது. நீளம், மீற்றருக்கு விலை, பராமரிப்பு மூன்றையும் பி.ஓ.கியூவில் தனி வரியாக எழுதினால்தான் தொழினுட்ப உத்தியோகத்தர் அளந்து பார்க்கவும் இல்லையென்றால் கழிக்கவும் முடியும்.

ஒப்பந்தகாரரின் காசில் ஒரு பகுதியை, வேலை முடிந்தபின் குறைகளுக்கு அவரே பதில் சொல்லும் பொறுப்புக் காலம் முடியும்வரை பிடித்து வைப்பது வழக்கம். அந்தக் காலத்துக்குள் ஒரு முழு மாரி கட்டாயம் வர வேண்டும். தை பிறந்ததும் போய், மாற்றுப்பாதை மண் மிச்சமின்றி எடுபட்டிருக்கிறதா, புது மதகின் கீழ்ப்புறத்தில் குழி விழுந்திருக்கிறதா, கரைச் சரிவில் புல் பிடித்திருக்கிறதா, மேற்பக்க வயலில் நீர் வழக்கத்தைவிட அதிக நாள் நின்றதா என்று கமக்காரரையும் கூட்டிக்கொண்டு பார்த்தபிறகே அந்தக் காசை விடுவிக்கலாம்.