வருமான வரிக் கணக்கு: ஜூலைக்கு முன் முடிக்க வேண்டிய வேலைகள்

மாதச் சம்பளக்காரர்கள் 2025-26 நிதியாண்டுக்கான கணக்கைத் தாக்கல் செய்யக் கடைசித் தேதி 2026 ஜூலை 31. படிவத்தை நிரப்புவது பெரிய வேலை இல்லை. ஆளைப் படுத்துவது, ஒரு தாளில் இருக்கும் எண் இன்னொரு தாளில் இல்லாமல் போவதுதான். அதைச் சரிபார்க்க ஜூன் பிற்பாதி தோதான நேரம். அலுவலகமும் வங்கியும் ஜனவரி முதல் மார்ச் வரை பிடித்த வரியின் விவரத்தைக் கொடுக்க மே 31 வரை அவகாசம் உண்டு. அலுவலகம் தரும் சம்பள, வரிப்பிடித்தச் சான்றான ஃபார்ம் 16 கைக்கு வர ஜூன் 15 ஆகிவிடும். அதற்கு முன்பே தாக்கல் செய்தால் கடைசிக் காலாண்டுப் பிடித்தம் விடுபட வாய்ப்பு அதிகம்.

மே மாதத்திலேயே பார்க்க வேண்டியது ஒன்று உண்டு: பெயர். நம் ஊர் இனிஷியல் இங்கேதான் இடிக்கும். பான் அட்டையில் ‘முருகன் சுப்பிரமணியன்’, வங்கியில் ‘எஸ். முருகன்’, ஆதாரில் ‘முருகன் எஸ்’ என்று இருந்தால் வங்கிக் கணக்கைச் சரிபார்க்கும் கட்டத்தில் நிராகரிக்கப்படலாம். சரிபார்க்கப்படாத கணக்குக்கு ரீஃபண்ட் வராது. வங்கிக் கிளையில் பெயரைத் திருத்த நாளாகும் என்பதால் இதைத் தள்ளிப்போடாதீர்கள். ஆதாரோடு இணைந்த மொபைல் எண் இப்போதும் உங்களிடம் இருக்கிறதா என்றும் பாருங்கள். ஓடிபி அதற்குத்தான் வரும்.

அடுத்து வருமான வரித் துறை இணையதளத்தில் நுழைந்து 26ஏஎஸ் (உங்கள் பெயரில் பிடித்த வரியின் பட்டியல்), ஏஐஎஸ் (உங்கள் வருமானம், பணப் பரிவர்த்தனைகளின் ஆண்டு அறிக்கை) இரண்டையும் இறக்கிக்கொள்ளுங்கள். ஏஐஎஸ் பிடிஎஃப் திறக்கக் கடவுச்சொல்: முழு பான் எண் (அதிலுள்ள ஆங்கில எழுத்துகள் சிறிய எழுத்தில்), தொடர்ந்து பிறந்த தேதி எட்டு இலக்கத்தில். ஃபார்ம் 16, வங்கி வட்டிச் சான்று, பங்குத் தரகரின் லாப நட்ட அறிக்கை ஆகியவற்றைப் பக்கத்தில் வைத்து வரிவரியாக ஒப்பிடுங்கள். உங்களுடையதல்லாத தொகை ஏஐஎஸ்ஸில் இருந்தால் அங்கேயே மறுப்புப் பதிவு செய்யலாம். பிடித்தம் 26ஏஎஸ்ஸில் வரவில்லை என்றால் பிடித்தவரிடம்தான் கேட்க வேண்டும். திருத்த விவரம் தாக்கல் செய்வது அவர் வேலை.

அதிகம் பேர் கோட்டைவிடுவது வைப்புநிதி வட்டியில். ‘வங்கியே வரி பிடித்துவிட்டதே’ என்று விட்டுவிடுகிறார்கள். 8 லட்சத்துக்கு 7 சதவீதம் என்றால் வட்டி 56,000. வங்கி பிடிப்பது 10 சதவீதம், அதாவது 5,600. நீங்கள் 20 சதவீத வரம்பில் இருந்தால் செஸ் (வரியின் மேல் போடும் கூடுதல் வரி) சேர்த்து வரி 11,648. மீதி 6,048 உங்கள் பொறுப்பு. முதிர்வின்போதுதான் பணம் வரும் என்றாலும், ஆண்டுதோறும் சேரும் வட்டியைத்தான் வங்கி ஏஐஎஸ்ஸில் காட்டும். அந்தந்த ஆண்டே கணக்கில் சேர்ப்பதுதான் நல்லது. ஐந்து வருட வட்டியை ஒரே வருடத்தில் சுமக்க வேண்டியிராது.

வேலை மாறியவர்களுக்கு இதைவிடப் பெரிய அதிர்ச்சி காத்திருக்கும். பழைய இடத்துச் சம்பளத்தைப் புதிய அலுவலகத்தில் சொல்லாவிட்டால், இரண்டு பேருமே அடிப்படை விலக்கையும் நிலைக்கழிவு (சம்பளத்திலிருந்து பொதுவாகக் கழிக்கும் தொகை) 75,000 ரூபாயையும் கொடுத்திருப்பார்கள். உங்களுக்கு ஒருமுறைதான் உண்டு. இரண்டு ஃபார்ம் 16-ஐயும் கூட்டிப் பார்க்கும்போது வரி பாக்கி வெளியே வரும்.

பாக்கியைத் தாக்கலுக்கு முன்பே ‘இ-பே டாக்ஸ்’ வழியாகச் சுயமதிப்பீட்டு வரியாகக் கட்டுங்கள். மதிப்பீட்டு ஆண்டு, அதாவது நிதியாண்டுக்கு அடுத்த ஆண்டு, 2026-27. அவசரத்தில் 2025-26 என்று தேர்ந்தெடுத்தால் பணம் போகும், கணக்கில் மட்டும் சேராது.

புதிய வரி முறையா, பழைய வரி முறையா என்பதையும் முன்கூட்டியே முடிவு செய்யுங்கள். நீங்கள் எதையும் தேர்ந்தெடுக்காவிட்டால் புதிய முறைதான். அதில் 12 லட்சம் வரை, சம்பளக்காரருக்கு 12.75 லட்சம் வரை, வரி முழுவதும் தள்ளுபடி. ஆனால் பங்கு விற்ற லாபத்துக்கான வரிக்கு இந்தத் தள்ளுபடி கிடையாது. வீட்டுக் கடன் வட்டியும் வாடகைப்படியும் பெரிய தொகையாக இருந்தால் பழைய முறையையும் போட்டுப் பாருங்கள். ஆண்டு வாடகை ஒரு லட்சம் தாண்டினால் வீட்டுக்காரரின் பான் எண் வேண்டும். ‘ரீஃபண்ட் வாங்கித் தருகிறேன்’ என்று இல்லாத கழிவுகளை எழுதும் ஆட்களிடம் போகாதீர்கள். நோட்டீஸ் வருவது உங்கள் பெயருக்கு, அவர் பெயருக்கு அல்ல.

பங்கில் சிறிதளவு குறுகியகால லாபம் இருந்தாலும் ஐடிஆர்-1 படிவம் ஆகாது, ஐடிஆர்-2 படிவம்தான்.

தேதி தவறினால் தாமதக் கட்டணம் 5,000. மொத்த வருமானம் 5 லட்சத்துக்குள் என்றால் 1,000. பாக்கி வரிக்கு மாதம் 1 சதவீத வட்டி தனி. பழைய முறையைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பும் போய்விடும்.

தாக்கல் செய்தவுடன் வேலை முடியவில்லை. 30 நாளுக்குள் ஆதார் ஓடிபி மூலம் சரிபார்ப்பை முடிக்க வேண்டும். அதே உட்காரலில் முடித்துவிடுங்கள். பிறகு வருமான வரித் துறையிடமிருந்து வரும் 143(1) அறிவிப்பில் நீங்கள் சொன்ன தொகையும் துறை கணக்கிட்டதும் பக்கத்துப் பக்கத்துப் பத்தியில் இருக்கும். எந்த வரிசையில் வித்தியாசம் என்று பார்த்துவிட்டு ஆடிட்டருக்குப் போன் போடுங்கள்.