நடவு வலிக்கு ‘செட்’ மாத்திரை: விழுங்கும் முன் பிரித்துப் பார்ப்பது எப்படி

நடவு, களையெடுப்பு, அறுப்பு என்று டெல்டாவில் வேலை நெருக்கும் நாட்களில் மெடிக்கலில் சாயங்காலம் கேட்கும் குரல், “உடம்பு வலிக்கு ஒரு செட் குடுங்க” என்பதுதான். பேர் எழுதாத சின்னக் காகிதக் கவர், உள்ளே நாலைந்து உதிரி மாத்திரை. ராத்திரி போட்டால் காலையில் இடுப்பு நிமிரும், மறுநாள் கூலி போகாது. வாங்குகிறவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்தக் கவருக்குள் இருப்பது என்னவென்று தெரிந்தே ஆகவேண்டும்.

முதலில் பேர் கேளுங்கள். உதிரி மாத்திரையின் நிறத்தையும் அளவையும் பார்த்து மருத்துவராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. அட்டையோடு வெட்டித் தரச் சொல்லுங்கள். அட்டையில் கம்பெனி வைத்த பேரும் இருக்கும், மருந்தின் பேரும் இருக்கும். பார்க்க வேண்டியது மருந்தின் பேரைத்தான். “அசிக்ளோஃபெனாக் 100 மி.கி., பாராசிட்டமால் 325 மி.கி.” என்பது போல இருக்கும். பேட்ச் எண்ணும் காலாவதி தேதியும் பெரும்பாலும் அட்டையின் ஓரத்தில்தான் அச்சாகியிருக்கும். உங்கள் துண்டில் அது வரவில்லையென்றால், கடைக்காரர் கையிலுள்ள மீதி அட்டையைச் செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

இந்த மாதிரிக் கவர்களில் வழக்கமாக இருப்பவை: ஒரு வலி மாத்திரை (டைக்ளோஃபெனாக் அல்லது அசிக்ளோஃபெனாக்), ஒரு ஸ்டீராய்டு (டெக்ஸாமெத்தசோன் அல்லது பீட்டாமெத்தசோன்), தூக்கம் வரவைக்கும் குளோர்ஃபெனிரமைன், வயிற்றுக்கு ஒரு மாத்திரை.

வலி மாத்திரை, புராஸ்டாகிளாண்டின் என்ற பொருள் உடம்பில் உருவாகாமல் தடுக்கிறது. வலியும் வீக்கமும் குறைவது அதனால்தான். அதே பொருள்தான் இரைப்பையின் உள்சுவரைக் காக்கிறது, சிறுநீரகத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் நுண்குழாயைத் திறந்தும் வைக்கிறது. வயல் வேலையில் ஆபத்து கூடுவது இங்கேதான். ஒதுங்க இடமில்லை என்று நடவுப் பெண்கள் காலையிலிருந்து தண்ணீரே குடிப்பதில்லை. நீர் வற்றிய உடம்பில் சிறுநீரகம் அந்த நுண்குழாயை நம்பித்தான் ஓடுகிறது. மாத்திரை அதையும் சுருக்கிவிடுகிறது. கூடவே எனலாபிரில், லோசார்டன், டெல்மிசார்டன் போன்ற பிரஷர் மாத்திரையும், நீர் பிரிய வைக்கும் மாத்திரையும் சாப்பிடுகிறவர் என்றால், மூன்றும் சேர்ந்து சில நாட்களிலேயே சிறுநீரகத்தைச் செயலிழக்க வைக்கலாம். இவர்கள் வலி மாத்திரையைத் தாங்களாக வாங்கிப் போடவே கூடாது. டைக்ளோஃபெனாக் நாளொன்றுக்கு 150 மி.கி.க்கு மேல் யாருக்கும் ஆகாது. சிறுநீர் குறைந்தாலோ, கால் முகம் வீங்கினாலோ, மலம் தார் போலக் கறுத்தாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரி.

ஸ்டீராய்டுதான் செட்டின் ‘பவர்’. உடம்பு லேசாகும், பசி எடுக்கும், சுறுசுறுப்பு வரும். டெக்ஸாமெத்தசோன் ஒருமுறை போட்டால் அதன் வேலை ஒன்றரை நாளிலிருந்து இரண்டு நாள் வரை நிற்கும். அதில் 0.75 மி.கி. என்பது பிரட்னிசோலோன் என்ற இன்னொரு ஸ்டீராய்டின் 5 மி.கி.க்குச் சமம், சிறுநீரகத்தின் மேல் இருக்கும் நம் அட்ரினல் சுரப்பி ஒரு நாளில் சுரக்கும் இயற்கை ஸ்டீராய்டின் வலுவும் ஏறக்குறைய அவ்வளவுதான். ஆக, 0.5 மி.கி. மாத்திரையைத் தினம் இரண்டு போட்டால் சுரப்பி வேலையை நிறுத்திக்கொள்ளும். சுகர் ஏறும், முகம் உப்பும், தோல் மெலியும், எலும்பு தேயும்.

மூன்று வாரத்துக்கு மேல் தினமும் செட் போட்டுவந்தவர்கள் இதைப் படித்துவிட்டு இன்றைக்கே நிறுத்திவிடக் கூடாது. சுரப்பி தூங்கிக் கிடக்கும்போது சட்டென நிறுத்தினால் வாந்தி, கடும் சோர்வு, பிரஷர் இறக்கம் வந்து உயிருக்கே ஆபத்தாகும். கவரோடு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய், எத்தனை நாளாகப் போடுகிறீர்கள் என்று சொல்லுங்கள். படிப்படியாகக் குறைத்துத் தருவார்கள்.

காய்ச்சலோடு உடம்பு வலி என்றால் செட்டைத் தொடவே வேண்டாம். மழைக்காலத்தில் சேற்றில் நிற்பவர்களுக்கு கெண்டைக்கால் வலியும் கண் சிவப்பும் சேர்ந்து வந்தால் எலிக்காய்ச்சலாக இருக்கலாம். எலியின் சிறுநீர் கலந்த தண்ணீரிலிருந்து, காலிலுள்ள வெடிப்பு வழியாகக் கிருமி ஏறுகிறது. ஸ்டீராய்டு காய்ச்சலை அமுக்கிவிடும், கிருமியை அல்ல. கிருமி கல்லீரலுக்கும் சிறுநீரகத்துக்கும் போய்ச்சேரும். டெங்குவாக இருந்தால் வலி மாத்திரை ரத்தக் கசிவைக் கூட்டும்.

வெறும் வேலை வலிக்கு பாராசிட்டமால் 500 அல்லது 650 மி.கி., ஆறு மணி நேர இடைவெளியில், நாளுக்கு மூன்று முறை போதும். பெரியவர்களுக்கு 4 கிராம்தான் உச்சவரம்பு, குடிப்பழக்கம் உள்ளவருக்கு அதைவிடக் குறைவு. கலவை மாத்திரைக்குள் ஒளிந்திருக்கும் 325 மி.கி. பாராசிட்டமாலையும் கணக்கில் சேருங்கள். வலி மருந்தை ஜெல்லாகத் தடவினால் ரத்தத்தில் சேர்வது மாத்திரையை விட மிகக் குறைவு. மூன்று நாளில் அடங்காத வலியை மருத்துவரிடம் காட்டுங்கள்.

சட்டம் உங்கள் பக்கம்தான் இருக்கிறது. 1940-ஆம் ஆண்டு மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருட்கள் சட்டத்தின் கீழ் வந்த 1945 விதிகளில், டைக்ளோஃபெனாக், டெக்ஸாமெத்தசோன், பீட்டாமெத்தசோன் மூன்றும் ‘எச்’ அட்டவணையில் உள்ளவை. மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. சீட்டுக்கு மருந்து கொடுக்கும்போது பதிவு பெற்ற பார்மசிஸ்ட் நேரில் மேற்பார்க்க வேண்டும். அட்டையில் ‘ஆர்எக்ஸ்’ குறி இருந்தால் இந்த வகை. சிவப்புக் கட்டத்துக்குள் எச்சரிக்கை இருந்தால் இன்னும் கடுமையான கட்டுப்பாடுள்ள ‘எச்1’ அட்டவணை. 2014 மார்ச் முதல் இவற்றுக்குத் தனிப் பதிவேடு, மருத்துவர், நோயாளி பேரோடு எழுதி மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். டிரமடால் என்ற கடும் வலி மாத்திரை இதில் வரும். 2018-இல் அது போதைப்பொருள் தடுப்புச் சட்டத்துக்குள்ளும் வந்துவிட்டது. செட்டில் டிரமடால் இருந்தால் வாங்காதீர்கள்: பழக்கமாகும், வலிப்பும் வரலாம்.

பேர் சொல்ல மறுக்கிற கடையில் எதையும் வாங்க வேண்டாம். ஏற்கெனவே வாங்கி உடம்புக்கு ஏதாவது ஆகியிருந்தால் மருந்து ஆய்வாளரிடம் எழுத்தில் கொடுக்கலாம். எங்கே கொடுப்பது என்று கலெக்டர் ஆபீஸ் மக்கள் குறைதீர் நாளில் கேளுங்கள். பில் இருந்தால் புகாருக்கு வலு கூடும், அதனால் இரண்டு மாத்திரை வாங்கினாலும் பேட்ச் எண் போட்ட பில் கேட்டு வாங்குங்கள். மிச்ச மாத்திரையை அதே கவரில், ஈரம் படாமல், தேதி எழுதி வையுங்கள்.