காய் விட்ட பிள்ளைகளுக்கு ஒரு பெரிய தாள்: சண்டையை வரைந்து தீர்க்கும் முறை

"யார் முதலில் ஆரம்பித்தது?" என்று கேட்டுப் பாருங்கள். சண்டை போட்ட இரண்டு பிள்ளைகளும் உடனே வக்கீல்களாகிவிடுவார்கள். அதற்குப் பதிலாகத் தாளைக் கொடுங்கள். வரைய நேரம் பிடிக்கும். அதற்குள் கோபம் தணியும். பேச்சு வராத பிள்ளையும் தன் பக்கத்தைக் காட்டிவிடும்.

தேவை: இரண்டு சிறிய தாள்கள், ஒரு பெரிய சார்ட் தாள், ஒரே ஒரு கிரேயான் பெட்டி. இரண்டாவது பெட்டியை ஒளித்து வையுங்கள்.

தொடங்கும் முன் ஒன்று. ஒரு பிள்ளை மற்றதைத் தொடர்ந்து மிரட்டியோ அடித்தோ வந்தால் இம்முறை வேண்டவே வேண்டாம். அது சண்டை அல்ல, கொடுமை. அடிபட்ட பிள்ளையைச் சமரசத்துக்கு உட்கார வைப்பது பெரிய அநியாயம். அதற்கு முதலில் தேவை பாதுகாப்பு.

படி 1: ஆறவிடுங்கள்
அழுகை நிற்கும்வரை ஏதாவது பழைய தாளில் வெறுமனே கிறுக்கட்டும். தாள் கிழிந்தாலும் பரவாயில்லை.

படி 2: தனித்தனியே வரையட்டும்
சிறிய தாளை மூன்று கட்டங்களாக மடியுங்கள்: சண்டைக்கு முன், சண்டையின்போது, பிறகு. "நீ பார்த்ததை வரை" என்பது போதும். கறுப்பு வண்ணம் தீட்டினால் துக்கம் என்றெல்லாம் பொருள் தேடாதீர்கள். கையில் அந்தக் கிரேயான் அகப்பட்டிருக்கலாம்.

படி 3: படத்தை மாற்றிக்கொள்ளட்டும்
என் கண்ணில் இதுதான் உயிரான படி. அவசரப்படாதீர்கள். ஒவ்வொருவரும் மற்றவர் படத்தில் தெரிவதைச் சொல்ல வேண்டும், வரைந்தவர் திருத்தலாம். ஊஞ்சலுக்காகச் சண்டை என்று வையுங்கள். "நீ ஏன் உன்னை இவ்வளவு தள்ளி வரைந்திருக்கிறாய்?" என்று ஒரு பிள்ளை கேட்கும். "வெகுநேரம் காத்திருந்தேனே" என்று பதில் வரும். ஊஞ்சலில் இருந்த பிள்ளைக்கு அந்தக் காத்திருப்பு அதுவரை தெரிந்தே இருக்காது. நீங்கள் குறுக்கே பேசாதீர்கள். தீர்ப்பும் சொல்லாதீர்கள்.

படி 4: ஒரே தாளில் இருவரும்
சார்ட் தாளின் இரு ஓரங்களும் ஆளுக்கொன்று, நடுப்பகுதி பொது. அடுத்த முறை எப்படி விளையாடலாம் என்பதை நடுவில் வரைய வேண்டும். இருவரும் ஒப்புக்கொள்ளாத எதற்கும் அங்கே இடமில்லை. ஒரே பெட்டி என்பதால் நீல வண்ணத்துக்கே பேச்சுவார்த்தை நடக்கும், அதுதான் பயிற்சி.

ஜப்பானில் 1995இல் தொடங்கிய ஒரு திட்டத்தில், போரின் கொடுமையைக் காட்டும் பிக்காசோவின் 'குவெர்னிகா' ஓவிய அளவிலேயே, அதாவது 3.5 மீட்டருக்கு 7.8 மீட்டர் துணியில், பல நாட்டுப் பிள்ளைகள் கூட்டாக அமைதி ஓவியங்கள் வரைகிறார்கள். அவ்வளவு பெரிய துணியிலும் யாருக்கு எந்த இடம் என்று பேசித்தான் ஆக வேண்டும்.

படி 5: மாட்டி வையுங்கள்
பிள்ளைகளின் கண்மட்டத்தில் மாட்டுங்கள். ஒரு வாரம் கழித்து, ஒப்பந்தம் நிற்கிறதா என்று கேளுங்கள். நிற்கவில்லையென்றால் திட்ட வேண்டாம். நடுப்பகுதியின்மேல் புதிய தாள் ஒட்டி, அதே பெட்டியை மீண்டும் எடுத்துக் கொடுங்கள்.