அடையா, அடைப்பா? முட்டை சிக்கிய கோழியைக் கவனிக்கும் முறை

கோழி காலையிலிருந்து கூடையை விட்டு எழவில்லை என்றால், “அடைக்கு உக்காந்துருச்சு” என்று சொல்லிவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறோம். பெரும்பாலும் அது சரியாகத்தான் இருக்கும். ஆனால் முட்டை உள்ளே சிக்கிய கோழியும் அதே கூடையில்தான் போய் உட்காரும். அடை என்றால் இருபத்தொரு நாள் காத்திருக்கலாம். அடைப்பு என்றால் ஒரு நாள் தாண்டுவதே கடினம்.

அடைக்கோழியைத் தொடப் போனால் சிலிர்த்துக்கொண்டு உறுமும், கொத்த வரும். கண் தெளிவாக இருக்கும். நெஞ்சு இறகைப் பிய்த்துப் போட்டிருக்கும். தூக்கி வெளியே விட்டால் கொக்கொக்கென்று திரிந்து, நாற்றமடிக்கும் பெரிய எச்சம் ஒன்றைப் போட்டு, அவசரமாக இரை பொறுக்கித் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி கூடைக்கு ஓடும்.

அடைப்புள்ள கோழி நிலைகொள்ளாது. கூடைக்குள் போகும், வரும், மறுபடி போகும். வெளியே விட்டால் ஓடாது. காலை அகட்டி, உடம்பை நிமிர்த்தி, வாலைத் தொங்கவிட்டு நிற்கும். முக்கும்போதெல்லாம் வால் ஏறி இறங்கும். இரையைத் தொடாது. கொண்டை வெளுக்கும். எச்சம் நின்றுபோகும், அல்லது வெள்ளைத் தண்ணீராகச் சொட்டிப் பின்னிறகில் ஒட்டியிருக்கும். சில கோழி திடீரென்று நொண்டும். உள்ளே நிற்கும் முட்டை காலுக்குப் போகும் நரம்பை அழுத்துவதால் வரும் நொண்டல் அது. காலில் அடிபட்டதென்று மஞ்சள் பற்றுப் போட்டு அரைநாளை வீணாக்க வேண்டாம்.

சந்தேகமாக இருந்தால் தடவிப் பாருங்கள். கோழியைக் கக்கத்தில் அணைத்துப் பிடித்து, எச்சத்துவாரத்துக்குக் கீழே, இரண்டு மெல்லிய எலும்புகளுக்கு நடுவே விரல் நுனியால் மெதுவாக வருடினால் கடினமான உருண்டை தட்டுப்படும். தட்டுப்படவில்லை என்பதற்காக முட்டை இல்லை என்று முடிவுகட்டக் கூடாது. ஓடு கெட்டியாகாத தோல்முட்டை கைக்குத் தெரியாது. நகம் வெட்டிய விரலில் கையுறை போட்டு, தேங்காயெண்ணெய் தடவி, துவாரத்துக்குள் இரண்டு கணு அளவு நேராக விட்டால் பெரும்பாலும் முட்டை விரலில் படும்.

முதல் சில மணி நேரம்

அகலமான பேசினில் கோழியின் அடிவயிறு மூழ்கும் அளவு வெதுவெதுப்பான நல்ல தண்ணீர் ஊற்றுங்கள். சூடு 38 முதல் 40 டிகிரி செல்சியஸ் இருக்கலாம். கோழியின் உடல் சூடே ஏறத்தாழ 41 டிகிரி என்பதால் அதற்கு இது இதமாக இருக்கும். முழங்கையை விட்டுப் பார்த்தால் கைக்குழந்தையைக் குளிப்பாட்டும் பதம் தெரிய வேண்டும். கோழியை 15, 20 நிமிடம் அதில் உட்கார வையுங்கள். தண்ணீர் ஆறினால் மாற்றுங்கள். பெரும்பாலான கோழி ஐந்து நிமிடத்தில் கண் சொருகி அடங்கிவிடும். ஆனால் சித்திரை, வைகாசி உச்சிவெயிலில் ஏற்கெனவே வாயைப் பிளந்து மூச்சு வாங்கும் கோழியை வெந்நீரில் இறக்கக் கூடாது, வெப்பத்திலேயே போய்விடும். முதலில் நிழலில் காற்றோட்டமாக வைத்து மூச்சு அடங்கிய பிறகு செய்யுங்கள்.

பிறகு துண்டால் நன்றாக ஈரம் ஒற்றி எடுங்கள். வாடைக்காற்று அடிக்கும் மாதங்களில் ஈரத்தோடு விட்டால் விறைத்துப்போகும். துவாரத்தின் விளிம்பிலும் உள்ளேயும் தேங்காயெண்ணெய் தடவி, வைக்கோல் பரப்பிய கடகத்தில் வைத்து, காற்று போகும்படி துணியால் மூடி இருட்டாக்குங்கள். மற்ற கோழி, நாய், பிள்ளைகள் எதுவும் பக்கத்தில் வேண்டாம். பயந்த கோழி முட்டையை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும்.

கால்சியமும் கொடுக்க வேண்டும். ஓட்டுக்கு மட்டுமல்ல, முட்டை இறங்கிவரும் கருக்குழாயின் தசை சுருங்கி அதைத் தள்ளுவதற்கும் கால்சியம் தேவை. மருந்துக்கடையில் கிடைக்கும் 500 மில்லிகிராம் கால்சியமும் வைட்டமின் டி3-யும் சேர்ந்த மாத்திரையை ஒன்றரைக் கிலோ கோழிக்கு ஒன்று என்ற கணக்கில் எடுத்து, இரண்டாக உடைத்து இரு துண்டையும் அலகுக்குள் வையுங்கள். நாளைக்கு ஒரு தரம், மூன்று நாள் போதும். தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக அலகின் ஓரத்தில் விடுங்கள். வாயைத் திறந்து ஊற்றினால் மூச்சுக்குழலுக்குள் போகும்.

ஒன்றிரண்டு மணி நேரத்தில் முட்டை வராவிட்டால் குளியலை இன்னொரு தரம் செய்யலாம். வயிற்றைப் பிசையவோ அழுத்தவோ வேண்டாம், ஓட்டைக் குத்தி உடைக்கவும் வேண்டாம். உள்ளே உடைந்த ஓடு கருக்குழாயைக் கிழிக்கும், கரு வயிற்றுக்குள் சிந்திப் புரையோடும். அதிலிருந்து மீளும் கோழி குறைவு. முட்டை இறக்கும் ஊசியையும் மருத்துவர் பார்க்காமல் போடக் கூடாது. வழி திறக்காத நிலையில் தசை மட்டும் சுருங்கினால் கருக்குழாய் கிழிந்துவிடும். இரண்டு தரம் குளிப்பாட்டியும் வரவில்லை, கோழி துவள்கிறது, ரத்தம் வருகிறது, அல்லது உள்ளே உடைந்துவிட்டது என்றால் அன்றைக்கே கால்நடை மருந்தகம்தான்.

கிளிஞ்சல் கரையில் கால்சியக் குறை

ஒரு முட்டை உருவாக 24 முதல் 26 மணி நேரம் ஆகிறது. அதில் ஏறக்குறைய 20 மணி நேரம் ஓடு படிவதற்கே போகிறது, அதுவும் பெரும்பாலும் இரவில். ஓட்டில் சுமார் 2 கிராம் கால்சியம் இருக்கிறது. நாம் போடும் நொய்யிலும் கம்பிலும் கால்சியம் சொற்பம். தானியங்களில் கால்சியம் மிகுந்த கேழ்வரகிலேயே 100 கிராமுக்கு சுமார் 0.35 கிராம்தான். அப்படியென்றால் ஒரு முட்டைக்கு அரைக் கிலோவுக்கு மேல் கேழ்வரகு வேண்டும். கோழி நாளெல்லாம் தின்பதே 100 கிராம் அளவுதான்.

கரையில் ஒதுங்கும் சாதாரண மட்டிக் கிளிஞ்சலே இதற்கு மருந்து. நல்ல தண்ணீரில் இரண்டு நாள் ஊறவைத்து, தண்ணீரை மாற்றி மாற்றி உப்பைப் போக்கி, வெயிலில் காயவைத்து, உரலில் 2 முதல் 5 மில்லிமீட்டர் துணுக்குகளாக உடையுங்கள். மாவாக இடிக்க வேண்டாம். மாவு சீக்கிரம் கரைந்து வெளியேறிவிடும், துணுக்கோ இரைப்பையில் தங்கி இரவு முழுக்க மெல்லக் கரையும். தனிச் சிரட்டையில் வையுங்கள், தேவையான கோழி தானே கொத்தும். தீனியில் கலந்தால் குஞ்சும் சேவலும் தின்று சிறுநீரகம் கெடும். சுட்ட சுண்ணாம்பு எந்த வடிவிலும் வேண்டாம், அது வாயையும் குடலையும் புண்ணாக்கும். பவளக் கல்லையும் எடுக்காதீர்கள். மன்னார் வளைகுடாப் பவளம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் அடங்கியது.

கிளிஞ்சல் வைத்தும் ஓடு மெலிதாகவே இருந்தால் தண்ணீரைப் பாருங்கள். ராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம், தங்கச்சிமடம், வாலிநோக்கம் என்று கரையோரக் கிணறு பலவற்றில் உப்பு. உப்புத் தண்ணீர் தொடர்ந்து குடிக்கும் கோழிக்கு ஓடு கெடும். நாம் வாயில் வைக்க முடியாத தண்ணீர் கோழிக்கும் ஆகாது. குடிநீர்க் குழாயில் பிடித்ததையே வையுங்கள். ஒரு கோழிக்கு நாளைக்குக் கால் லிட்டர், கோடையில் அதைப்போல் இரண்டு மடங்கு. கருவாட்டுத் தூளும் உப்புப் போட்ட மீன் கழிவும் இதே கெடுதலைச் செய்யும். உப்பில்லாத மீன் தலை, குடல் என்றால் வேகவைத்துக் கொஞ்சமாகப் போடலாம்.

ஓடு மெலிவதற்கு மூன்றாவது காரணம் வெயில். கோழி மூச்சு வாங்கும்போது ரத்தத்திலுள்ள கரியமில வாயு மிகுதியாக வெளியேறுகிறது. ஓட்டுக்கு வேண்டிய கார்பனேட் அதிலிருந்துதான் கிடைக்கிறது. தீனியும் குறைந்துபோகும். கோடையில் தீனியை விடியலிலும் பொழுது சாயும்போதும் வைத்து, தண்ணீரை மண்சட்டியில் நிழலில் வையுங்கள்.

முதல் முட்டையிடும் விடைக்கோழி, சோறு மட்டுமே தின்று கொழுத்த கோழி, இரண்டு கரு முட்டை போடும் கோழி, வயதானது, குடற்புழு உள்ளது ஆகியவற்றுக்கு அடைப்பு அதிகம் வரும். மேயும் கோழிக்கு மூன்று மாதத்துக்கு ஒரு முறை மருத்துவரைக் கேட்டுப் பூச்சி மருந்து கொடுங்கள்.

பின்பக்கம் சதை தள்ளினால்

முட்டையிடும்போது சிவந்த சதை சற்று வெளியே தெரிந்து உடனே உள்ளே போவது இயல்பு. வெளியிலேயே நின்றால் ஆபத்து, முக்கியமாக மற்ற கோழிகளால். சிவப்பைக் கண்டதும் கொத்தும், குடலையே இழுத்துவிடும். உடனே தனியே அடையுங்கள். ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் ஒன்றரைத் தேக்கரண்டி உப்புக் கரைத்துச் சதையைக் கழுவுங்கள். பொடித்த சர்க்கரையைக் குழைத்துப் பத்து நிமிடம் பூசிவைத்தால் நீரை இழுத்து வீக்கத்தைக் குறைக்கும். கழுவிவிட்டு, எண்ணெய் தொட்ட விரலால் உள்ளே தள்ளிச் சில நிமிடம் பிடித்துக்கொள்ளுங்கள். பிறகு ஒரு வாரம் நாளைக்கு எட்டு மணி நேர வெளிச்சம் மட்டும் கொடுத்தால் முட்டையிடுவது தணியும், புண் ஆறும். சதைக்குள் முட்டை தெரிந்தாலும் நிறம் கறுத்திருந்தாலும் கை வைக்காமல் மருத்துவரிடம் போங்கள்.

வயிறு தண்ணீர்ப் பை மாதிரி தொங்குவதும், முட்டைக்குப் பதிலாகப் பாலாடைக்கட்டி போன்ற கட்டி விழுவதும் கருக்குழாய் நோயின் அடையாளம். இவற்றுக்குக் குளியல் பலிக்காது. பல கோழிகள் ஒரே சமயத்தில் கோணல் முட்டை, தோல்முட்டை போட்டு, இருமலோ பச்சைக் கழிச்சலோ இருந்தால் வெள்ளைக் கழிச்சல் (ராணிக்கெட் நோய்) போன்ற தொற்றைச் சந்தேகிக்க வேண்டும். அதற்குத் தடுப்பூசிதான் வழி.

மருந்தகத்துக்குக் கொண்டுபோகும்போது காலைக் கட்டித் தலைகீழாகத் தொங்கவிடாதீர்கள். உள்ளே நிற்கும் முட்டை அந்த ஆட்டத்திலேயே உடையலாம். வைக்கோல் போட்ட கூடையில் நிமிர்ந்து உட்காரும்படி வைத்துத் துணி மூடுங்கள். கடைசி முட்டை எந்தக் கிழமை, அதன் ஓடு எப்படி இருந்தது, எத்தனை மணிக்கு முக்கத் தொடங்கியது, என்ன மருந்து கொடுத்தீர்கள் என்பதைச் சொல்லுங்கள். வண்டி வசதி இல்லாத ஊரில் கால்நடை உதவிக்கு 1962 என்ற எண்ணை அழைக்கலாம். ஊசி போட்டால் எத்தனை நாள் முட்டையைச் சாப்பிடக் கூடாது என்று கேட்டுக்கொண்டு திரும்புங்கள்.