அப்டேட்டுக்கு அப்புறம் கம்ப்யூட்டர் மக்கர் பண்ணினால் செய்யக் கூடாத தவறுகள்

மைக்ரோசாஃப்ட் மாதாந்திர விண்டோஸ் அப்டேட்டை இரண்டாவது செவ்வாய்க்கிழமை விடுகிறது. நம் ஊர் நேரத்துக்கு அது ராத்திரி பத்தரை, பதினொன்றரை ஆகிவிடும். அதனால் மறுநாளிலிருந்துதான் வட சென்னையில் தண்டையார்பேட்டை, வியாசர்பாடி, மூலக்கடை பக்கம் ஜெராக்ஸ் கடையும் இ-சேவையும் வைத்திருப்பவர்கள் "நேத்து வரைக்கும் நல்லாதான் இருந்துச்சு, இப்போ பிரிண்டரே காட்டல" என்று தெரிந்தவர்களுக்கெல்லாம் போன் போட ஆரம்பிப்பார்கள். அப்டேட் கெடுத்ததைப் பெரும்பாலும் திரும்பச் சரி பண்ண முடியும். கடையில் ஆள் நிற்கிற பதற்றத்தில் அடுத்த அரை மணி நேரத்தில் நாம் செய்வதுதான் மீட்க முடியாத இடத்துக்குக் கொண்டுபோய் விடுகிறது.

அதில் முதல் தவறு ஃபார்மட். சிபியுவைத் தூக்கிக்கொண்டு கம்ப்யூட்டர் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்கோ பக்கத்து சர்வீஸ் கடைக்கோ போனால் "ஃபார்மட் அடிச்சிடலாம்ணா, ஒரு மணி நேர வேலை" என்பார்கள். டி டிரைவ் அப்படியே இருக்கும் என்பது உண்மைதான், ஆனால் டெஸ்க்டாப்பும் டாக்குமென்ட்ஸும் வழக்கமாக இருப்பது சி டிரைவில், நாம் அவசரத்துக்கு எல்லாவற்றையும் சேவ் பண்ணி வைப்பது டெஸ்க்டாப்பில். பல கடைகளில் டாலி கணக்கும் சி-யில்தான் கிடக்கிறது. அப்புறம் ஃபான்ட். கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி போஸ்டர் அடிக்கிற கடைகளில் பாமினி, வானவில் என்று பழைய ஃபான்ட்டில் வருஷக்கணக்கில் சேர்த்த ஃபைல்கள் இருக்கும். ஃபார்மட் அடித்ததும் ஃபான்ட் போய்விடும், ஃபைலைத் திறந்தால் வெறும் ஆங்கில எழுத்தும் குறியுமாக வரும். கைரேகை வைக்கும் கருவிக்கான ஆர்டி சர்வீஸ் சாஃப்ட்வேர், டிஜிட்டல் கையெழுத்து டோக்கனுக்கான டிரைவர், எல்லாமே புதிதாகப் போட வேண்டும். ஒரு மணி நேர வேலை என்று சொன்னது இரண்டு நாள் கடை மூடியது போல ஆகும். விண்டோஸ் திறக்கவே இல்லை என்றாலும் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி வேறு மெஷினில் மாட்டியோ, லினக்ஸ் பென்டிரைவில் பூட் பண்ணியோ முதலில் காப்பி எடுக்கச் சொல்லுங்கள். எடுத்தபின் ஃபைல்கள் திறக்கின்றனவா என்று நீங்களே உட்கார்ந்து பாருங்கள்.

டிஸ்க் என்கிரிப்ட் ஆகி, அதாவது கீ இல்லாமல் படிக்க முடியாதபடி பூட்டியிருந்தால் மட்டும் இந்த வழி நடக்காது. விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பைப் புதிதாகப் போட்டு மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தால், நம்மைக் கேட்காமலே பல கணினிகளில் டிஸ்க் என்கிரிப்ட் ஆகிவிடுகிறது. அப்டேட்டுக்கு அப்புறம் ஒரு நீலத்திரை வந்து அந்தப் பூட்டைத் திறக்கும் 48 இலக்க பிட்லாக்கர் கீ கேட்கும். 2024 ஜூலை அப்டேட்டிலும் 2025 மே அப்டேட்டிலும் சில கணினிகளில் இப்படி நடந்தது. கீ எந்தக் கணக்கில் முதலில் நுழைந்தோமோ அந்தக் கணக்கில் இருக்கும். நம் பக்கத்தில் பிரச்சினையே இங்கேதான், ஏனென்றால் செகண்ட் ஹேண்ட் லேப்டாப் வாங்கும்போது சர்வீஸ் பண்ணும் தம்பி தன்னுடைய மெயில் ஐடியைப் போட்டு செட்டப் முடித்துக் கொடுத்திருப்பார், அவர் இப்போது கடை மாறியிருப்பார், நம்பரும் மாறியிருக்கும். கீ தொலைந்துவிட்டால் மைக்ரோசாஃப்டாலும் அதை எடுத்துத் தர முடியாது. ஆகவே அந்தத் திரையைப் பார்த்ததும் பயாஸுக்குள் (விண்டோஸ் திறக்கும் முன் வரும் செட்டிங்ஸ் திரை) போய் கண்டதையும் மாற்றாதீர்கள். திரையில் கீ ஐடி என்று சில எழுத்துகள் தெரியும், அதை போனில் படம் எடுத்துக்கொண்டு, வீட்டில் இருக்கும் எல்லா மைக்ரோசாஃப்ட் கணக்குகளிலும் தேடுங்கள். கம்ப்யூட்டர் இப்போது நன்றாக ஓடுகிறது என்றால் இன்றைக்கே அந்தக் கீயை ஒரு பேப்பரில் பிரிண்ட் எடுத்து வையுங்கள்.

டெஸ்க்டாப் காலியாகத் தெரிந்தால் எல்லாம் அழிந்துவிட்டது என்று முடிவு கட்ட வேண்டாம். விண்டோஸ் தற்காலிக புரொஃபைலில் திறந்திருக்கலாம், 2020 பிப்ரவரி அப்டேட்டில் பலருக்கு இதுதான் ஆனது. சி டிரைவில் யூசர்ஸ் ஃபோல்டருக்குள் பழையது அப்படியே இருக்கும். அந்த நிலையில் புதிதாக எதையும் சேவ் பண்ணாமல் ஓரிரு முறை ரீஸ்டார்ட் பண்ணிப் பாருங்கள்.

மாத அப்டேட்தான் காரணம் என்று தோன்றினால் செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட், அப்டேட் ஹிஸ்டரி, அதற்குள் அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ். பெரிய பதிப்பே மாறியிருந்தால் ரெக்கவரி பக்கத்தில் பழைய பதிப்புக்குத் திரும்ப கோ பேக் இருக்கும், ஆனால் பத்து நாள்தான். சி டிரைவ் சிவப்பாகிவிட்டதே என்று விண்டோஸ்.ஓல்ட் ஃபோல்டரை அழித்தால் அந்த வழியும் அடைபடும். சதவீதம் ஓடிக்கொண்டிருக்கும்போது ஸ்விட்சை அணைக்காதீர்கள், 30 சதவீதத்தில் ரொம்ப நேரம் நிற்பது சகஜம். ஐப்பசி, கார்த்திகை மழையில் யுபிஎஸ் இல்லாமல் அப்டேட்டைத் தொடாதீர்கள்.

பிரிண்டருக்கு வருவோம். 2025 ஜனவரி கடைசியில் வந்த ஒரு அப்டேட்டுக்குப் பின் சில யுஎஸ்பி பிரிண்டர்கள் தானாகவே புரியாத எழுத்துகளை அடித்துத் தள்ளின. பிரிண்டரில் ஒரு குறையும் இல்லை, கார்ட்ரிட்ஜ் மாற்றினாலும் கேபிள் மாற்றினாலும் அது நிற்காது. செலவு பண்ணுவதற்கு முன் மைக்ரோசாஃப்ட் வெளியிடும் தெரிந்த பிரச்சினைகள் பட்டியலில் உங்கள் பதிப்பைப் பாருங்கள். டிரைவர் வேண்டுமென்றால் பிரிண்டர் கம்பெனி தளத்திலிருந்து மட்டும் எடுங்கள், "எல்லா டிரைவரும் ஒரே கிளிக்கில்" என்று வருவதைத் தொடவே வேண்டாம். கூகுளில் தேடிக் கிடைத்த சப்போர்ட் நம்பருக்கு போன் போட்டு, அவர்கள் சொன்ன ஆப்பை இறக்கி, ஸ்கிரீனைத் திறந்து கொடுப்பது இன்னும் ஆபத்து. அப்படிப் பணம் போயிருந்தால் உடனே சைபர் மோசடி புகார் எண்ணான 1930-க்கு அழையுங்கள்.

இத்தனை தொல்லை எதற்கு, அப்டேட்டையே நிறுத்திவிடலாம் என்று சிலர் விண்டோஸ் அப்டேட் சர்வீஸையே முடக்கி வைக்கிறார்கள். 2017 மே மாதம் ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் வானாக்ரை வைரஸ் உலகம் முழுக்கப் பரவியபோது அதைத் தடுக்கும் அப்டேட் மார்ச்சிலேயே வந்திருந்தது. போடாதவர்கள் மாட்டினார்கள். ஆதாரும் பேங்க் பாஸ்புக்கும் ஸ்கேன் ஆகிற கணினியில் அந்த ரிஸ்க் உங்களுடையது மட்டும் இல்லை, வாசலில் நிற்கிறவர்களுடையதும்தான். அப்டேட்டைத் தள்ளிவைக்க பாஸ் (Pause) பட்டன் இருக்கிறது, ஐந்து வாரம் வரை தள்ளிப்போடலாம். ஜூன் மாதம் ஸ்கூல் அட்மிஷனுக்காக சர்டிஃபிகேட் கூட்டம் அள்ளும்போது ஒரு வாரம் தள்ளி வையுங்கள், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கடை சாத்தியபின் காப்பி எடுத்துவிட்டு அப்டேட் போடுங்கள்.